பத்து கோடி டிகிரி, ஏட்டையா வீட்டு மாடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபது. கண் விழித்ததும் ஜன்னல் வழியே நான் முதலில் பார்த்தது ஓர் உள்ளங்கையை. எதிர்வீட்டு அம்மாள் அதை எங்கள் காம்பவுண்டுச் சுவரில் பதித்து வைத்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், எடுத்தார், சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் வைத்தார். பிறகு திரும்பி, தெருவில் நின்றவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

தெருவில் நின்றவர்கள் பால் வாங்க வந்தவர்கள் நிற்கிற மாதிரி நிற்கவில்லை. இழவு வீட்டுக்கு வந்து, எடுக்க நேரமாகும் என்று தெரிந்துகொண்டவர்கள் நிற்கிற மாதிரி நின்றார்கள். சிலர் கையில் நாளிதழ் இருந்தது. மடித்திருந்த விதத்திலேயே எந்தப் பக்கம் என்று தெரிந்தது. என் செய்தி வந்திருந்த பக்கம்.

உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்தக் கணத்தில் எனக்குப் பயம் வரவில்லை. பெருமைதான் வந்தது. (பயிற்சி நிருபராக இருப்பவனுக்குத் தன் செய்தியைத் தெருவே படிப்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய காட்சி கிடையாது. தெரு ஏன் வீட்டு வாசலுக்கு வந்து படிக்கிறது என்ற கேள்வி செத்த நேரம் கழித்துத்தான் உதித்தது.)

அந்தச் செய்தியை எழுதியவன் நான். அதில் வந்த வீடு எங்கள் வீடு. அதில் வந்த ஆய்வாளர் என் அக்கா. இந்த மூன்றில் முதலாவது மட்டுமே மதுரையில் இருந்த என் செய்தி ஆசிரியருக்குத் தெரியும்.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. மதுரையில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி நிருபர். அலுவலகம் என்பது ஒரு பால்கோவாக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கணினி, ஒரு நாற்காலி. காலையில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போவேன். இரவு சட்டையெல்லாம் பால் சுண்டிய வாடையோடு திரும்புவேன். நான் அனுப்பியவற்றில் அச்சேறியவை பெரும்பாலும் குடிநீர்க் குழாய் உடைப்பு, மகாராஜபுரம் பக்கம் மாடு கிணற்றில் விழுந்தது, கிணற்றில் விழுந்த மாடு மீட்கப்பட்டது போன்றவை. (விழுந்ததும் மீட்டதும் ஒரே நாளில்தான். இரண்டு செய்தியாக அனுப்பியிருந்தேன்.)

அக்கா கவிதா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வெளிமாநில ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கான வேலையை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்றதும் வீட்டுக்கு வந்தவள், மாடி அறையில் ஒரு கணினியை வைத்து அங்கிருந்தே வேலையைத் தொடர்ந்தாள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அவளே பூட்டிய கணினி. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே காற்றுப் படும்படி ஒரு சிவப்பு டேபிள் ஃபேனை நிறுத்தியிருப்பாள். கரண்ட் போனால் கைகொடுக்க ஓர் இன்வெர்ட்டர். அந்த ஃபேனின் இரைச்சல் வீடு முழுக்கக் கேட்கும். சில வாரங்களில் எங்கள் நால்வருக்கும் அது இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது. சத்தம் நின்றால் அம்மா தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, கணக்கு நின்னுருச்சா?" என்று கேட்பாள். கணக்கு எதற்கு என்பது அம்மாவுக்குத் தெரியாது. ஓட வேண்டும் என்பது தெரியும்.

கணக்கு எதற்கு என்பது எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் குழாயும் உடையவில்லை, மாடும் விழவில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்து, மாடிக்குப் போய், அக்காவையே பேட்டி எடுத்தேன். மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு பதில் சொன்னாள்.

சூரியனுக்குள் நடப்பது போல அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்க உலகம் முழுக்க முயற்சி நடக்கிறது. அதற்கு வாயுவைப் பத்து கோடி டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து, மின்னூட்டம் கொண்ட துகள்களின் குழம்பாகிவிடும். அந்தக் குழம்புக்குள் துகள்கள் ஒன்றோடொன்று எப்படி மோதிக்கொள்கின்றன என்பதைக் கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. இதுவரைக்கும் எழுதிக்கொண்டு, கேரம் காய் மாதிரி இடித்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"கேரம் இல்லலே. ஆடிப்பூரத் தேருக்குப் போயிருக்கேல்ல? வடக்க பாத்துத்தான் கூட்டத்துக்குள்ள நுழையுத. ஒருத்தனும் ஒன்னைய இடிச்சுத் தள்ளல. தோளோட தோளு உரசி உரசி, வெளிய வாரப்ப எங்க நிக்க?"

"பால்கோவாக் கடை வாசல்ல."

"அம்புட்டுத்தான். அந்த உரசலத்தான் கணக்குப் போடுதேன்."

துகள்கள் எண்ண முடியாத அளவு இருப்பதால், கோடிக்கணக்கானவற்றுக்குப் பதிலாக ஒன்றை வைத்துக்கொள்வார்களாம், தொகுதிக்கு ஓர் எம்.எல்.ஏ. மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் குலுக்கிப் போட்டு ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியையும் இம்மியளவு திசை திருப்பிவிட வேண்டும். அடுத்த நொடித்துளியில் மறுபடி குலுக்கல், மறுபடி ஜோடி. இதில் ஒன்று இழக்கிற ஆற்றல் மற்றதற்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மொத்தம் மாறக்கூடாது. மொத்த ஆற்றலைக் கோடாக வரைந்தால் அது தரைமாதிரி சமமாகப் போக வேண்டும்.

அவளுடைய கோடு அப்படிப் போகவில்லை. பல நாள் ஓடும் கணக்கில் முதல் சில நாள் ஒழுங்காகப் போய், கடைசி நாளில் தலையைத் தூக்கியது. "சூடு தானா ஏறுதுலே. எங்கருந்து வருதுன்னே தெரியல" என்றாள். நான் அதை மேற்கோள் குறிக்குள் எழுதிக்கொண்டேன். முறுக்கு தின்ற வாயோடு அவள் சொன்ன வீட்டுப் புலம்பல் அது. எனக்கு அது ஆய்வாளரின் வாக்குமூலமாகக் கேட்டது.

அன்று இரவே அவள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜோடி சேர்க்கும்போது எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு துகள் தனியாக மிஞ்சும். அதற்கு, ஏற்கெனவே ஜோடி முடித்துவிட்ட ஒன்றை இரவல் கொடுத்திருந்தாள். இரவலுக்கு வந்தது தன் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் போயிருந்தது. அங்கே மிச்சம் விழுந்த துளித்துளிச் சூடுதான் சேர்ந்து சேர்ந்து கோட்டைத் தூக்கியது. இனி ஒற்றை மிஞ்சினால் மூன்றை ஒன்றாக எடுத்து, மூன்றுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது என்று மாற்றி எழுதி, வியாழக்கிழமை காலை கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். ஞாயிறு இரவு முடியும். திங்கள் சாயங்காலம் அவளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கணினி வழியாக நேர்காணல். இருந்தது ஒரே ஒரு இடம். இந்த முறையால் கோடு கடைசி வரை நேராகப் போகிறது என்று காட்டினால் அந்த இடம் கிடைக்கும் என்று அவளுடைய வழிகாட்டி சொல்லியிருந்தார். வேகத்துக்காக, இடையிடையே சேமித்துக்கொண்டே போகும் ஏற்பாட்டையும் நிறுத்தி வைத்திருந்தாள். ஆகவே எங்கள் மூவருக்கும் ஒரே கட்டளை: மாடிக்கு யாரும் போகக்கூடாது, போனாலும் எதையும் தொடக்கூடாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தொடங்கிய கிழமையைச் சேர்த்ததைத் தவிர என் செய்தியை நான் மாற்றவில்லை. ஏனென்றால் செய்தி மிக நன்றாக வந்திருந்தது.

அந்தச் செய்தியின் முதல் வரி இன்றும் எனக்கு மனப்பாடம். "ராஜபாளையத்தில் ஒரு வீட்டின் மாடியறையில், சூரியனின் மையத்தைவிடப் பல மடங்கு சூடான துகள் குழம்பு வியாழக்கிழமை முதல் இடைவிடாமல் கொதித்துக்கொண்டிருக்கிறது." அடுத்து, பத்து கோடி டிகிரி. அடுத்து, துகள்கள் மோதும் விதம். அடுத்து, சூடு தானாக ஏறுவதாகவும் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றும் ஆய்வாளர் சொன்னது. இது வெற்றி பெற்றால் உலகத்துக்கே தீராத மின்சாரம் என்று ஒரு பத்தி. நம்பகத்தன்மைக்காகத் தெருப் பெயரையும் சேர்த்திருந்தேன். எல்லாம் முடிந்தபின், வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கடைசிப் பத்தியில் முடிச்சை அவிழ்த்தேன். "இத்தனையும் நடப்பது ஒரு கணினிக்குள், வெறும் எண்களாக. அந்த மாடியில் ஒரு பொறிகூடப் பறப்பதில்லை."

அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நானே இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் எனக்குப் புல்லரித்தது.

நாளிதழ் வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. முக்கியமானது மேலே, முக்கியம் குறைந்தது கீழே. இடம் போதாவிட்டால் பக்கம் கட்டுபவர் செய்தியைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். கீழேயிருந்து வெட்டுவார். சனிக்கிழமை இரவு, பக்கம் முடிகிற நேரத்தில், சுந்தரபாண்டியத்துப் பெரியவர் ஒருவரின் முதலாமாண்டு நினைவஞ்சலி விளம்பரம் வந்திருக்கிறது. பக்கம் கட்டியவர் என் செய்தியின் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரியவரை வைத்துவிட்டார். தலைப்பும் அங்கேயே போட்டார்கள்: "ராஜபாளையம் வீட்டு மாடியில் பத்து கோடி டிகிரி."

அப்பா ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். தெருவில் ஏட்டையா வீடு என்றால்தான் எங்கள் வீடு தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் கட்டோடு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தியிருந்தார். எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர் அவர். விளையாட்டுச் செய்தியைத் தாண்டவில்லை. கூட்டம் என்றால் வரிசை, அவ்வளவுதான்.

வரிசையில் முதல் ஆள் பக்கத்துவீட்டு ராஜா மாமா. எங்கள் பின்சுவரை ஒட்டி அவருடைய பேண்டேஜ் துணி குடோன். உள்ளே கூரை முட்ட வெள்ளைத் துணிக் கட்டுகள். அவர் மனைவி பின்னாலிருந்து தெலுங்கில் ஏதோ சொல்ல, தெலுங்கிலேயே அவரை அடக்கிவிட்டு, மாமா நாளிதழை அப்பாவிடம் நீட்டினார்.

"ஏட்டையா, நம்ம ரெண்டு பேரும் இருபது வருசமாப் பழகுதோம். சுவத்துக்கு இந்தப்பக்கம் பத்து கோடி டிகிரி, அந்தப்பக்கம் என் பஞ்சுத்துணி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா செய்தியை முழுக்கப் படித்தார். பிறகு அண்ணாந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பணிக்காலத்தில் பார்த்தவர்கள் தானாகவே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்வார்கள்.

நான் கடைசிப் பத்தியைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். வராத பத்தியை விளக்குவது கஷ்டம். எல்லோரும் அச்சில் வந்ததை நம்பினார்கள். அச்சில் வந்தால் மக்கள் நம்புவார்கள் என்பதுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே காரணம்.

வரிசையில் ஒருவர் மட்டும் சந்தோஷமாக நின்றார். கூமாப்பட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த விவசாயி. டீக்கடையில் படித்தாராம். அவருக்குச் சூடு பற்றிக் கவலையில்லை. தீராத மின்சாரம் என்ற பத்தியை நகத்தால் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்திருந்தார். மும்முனை கரண்ட் இனிமேல் பகல் முழுக்க வருமா, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்றார். அப்பா அவரையும் வரிசைக்கு அனுப்பினார்.

இதற்குள் யாரோ லைன்மேனைக் கூட்டிவந்துவிட்டார்கள். கம்பத்தில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டால் எதுவானாலும் அணைந்துவிடும் என்பது தெருவின் முடிவு. இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அக்காவுக்குத் தெரியும். இரவு வரை தாங்காது. தலைகூடச் சீவாமல் கீழே ஓடிவந்தாள். போகிற போக்கில் என்னிடம், "மேல ஒருத்தரையும் விட்டுறாத. எதையும் தொட்டுறாத" என்று சொல்லிவிட்டு, கம்பத்தடிக்குப் போனாள்.

அங்கே அவள் பேசியதை நான் பார்க்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். லைன்மேனிடம் அவள் சூரியனைப் பற்றியோ துகளைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லையாம். நேராக எங்கள் மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப்போய்த் திறந்து காட்டினாளாம். "அண்ணே, எம்புட்டு இழுக்குதுன்னு நீங்களே பாருங்க." அவர் குனிந்து பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "ஒரு மிக்ஸி ஓடுத அளவுதான் ஓடுது. இதுல பத்து கோடி டிகிரியா? இட்லி கூட வேகாதுய்யா" என்றாராம். கூட்டத்தில் பாதி அங்கேயே சிரித்துக் கலைய ஆரம்பித்துவிட்டது.

மறுபாதி என்னோடு மாடியில் இருந்தது.

ஒரு செய்தியாளனாக நான் சிந்தித்தேன். (அந்த வாக்கியத்தை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.) மூடிய கதவுதான் வதந்தியை வளர்க்கிறது, திறந்து காட்டிவிட்டால் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. ராஜா மாமாவையும் இன்னும் சிலரையும், ஆய்வுக்கு வந்த அதிகாரிகளை அழைத்துப்போவது போல, செருப்பைக் கழற்றச் சொல்லி மேலே கூட்டிப்போனேன். கூமாப்பட்டிக்காரரும் வரிசையை விட்டுவிட்டு ஏறிவந்தார்.

அறை இருட்டாக இருந்தது. ஃபேன் இரைந்தது. திரையில் துகள்களின் படம் ஓடிக்கொண்டிருந்தது. வேகமானவற்றுக்குச் சிவப்பு நிறம். அக்கா உலகத்தில் வேறு எந்த நிறத்தை வேண்டுமானாலும் தேர்ந்திருக்கலாம்.

மாமா கணினியின் திறந்த பக்கத்தில் கையை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"சுடுதே."

"அது கம்ப்யூட்டர் சூடு மாமா."

"எம்புட்டு?"

"எழுபது இருக்கும்."

"கோடியா?"

"இல்ல மாமா. வெறும் எழுபது."

பின்னால் நின்றவர்கள் எழுபது என்பதை மட்டும் வாங்கி, படிக்கட்டில் நின்றவர்களுக்குக் கடத்தினார்கள். படிக்கட்டு முழுக்க அது இறங்கிப் போவது கேட்டது. வழியில் யாரோ கோடியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மாமா கெட்டவர் இல்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. அந்தக் குடோன் அவருடைய அப்பா காலத்துச் சொத்து. "தம்பி, எனக்கு உள்ள என்ன ஓடுதுன்னு வேண்டாம். இத நிறுத்த ஏலுமா, ஏலாதா? அத மட்டும் சொல்லு."

"நிறுத்தலாம் மாமா. எப்ப வேணாலும் நிறுத்தலாம்."

"சூடு தானா ஏறுது, எங்கருந்து வருதுன்னு தெரியலன்னு அந்தப் பிள்ளையே சொல்லிருக்கே. நீதான எழுதிருக்க."

என்னிடம் கடைசிப் பத்தி மட்டும்தான் இருந்தது.

"அப்ப நிறுத்திக் காட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னை நம்பிப் பார்த்ததில்லை. ஓடும் எதையும் நிறுத்த எந்த இரண்டு விசையை அழுத்த வேண்டும் என்று அக்கா எப்போதோ எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். நான் திரைக்கு முன்னால் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு (எதற்கு என்று தெரியவில்லை), இரண்டு விரலால் அழுத்தினேன்.

படம் நின்றது. கணினிக்குள் இருந்த குட்டி விசிறிகள் ஒவ்வொன்றாக இளைத்து அடங்கின. சிவப்பு டேபிள் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா என் தோளைத் தட்டினார். யாரோ கைதட்டினார்கள். இதில் வெட்கப்பட வேண்டியது இதுதான்: நான் லேசாகத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டேன்.

கீழே இறங்கியபோது லைன்மேன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டருகே நின்று தலையை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். ஜெயித்தவள் முகம்.

"எல்லாரும் சிரிச்ச மொகமாப் போறாகளே. மாடியில என்னலே சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. நிறுத்திக் காட்டிட்டேன்."

"எத?"

நான் மாடியைக் காட்டினேன்.

லைன்மேன் ஏணியோடு நின்றார். என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயே ஆளு வச்சிருக்கீக. பொறவு என்னைய எதுக்குக் கூப்பிட்டீக?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா மாடிக்குப் போனாள். திரும்பி இறங்கி வந்து, சமையலறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா இட்லி வைத்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, கடைசிப் பத்தி ஒன்று இருந்தது, அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தின்று முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத ஏன்லே மொதல்ல எழுதல?"

"முடிவுல வச்சா நல்லாருக்கும்னு நெனச்சேன்க்கா."

அவள் சிரித்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்து மணிக்குச் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். நாளைக்கு ஒரு திருத்தம் போட வேண்டும், அந்த வீட்டுக்காரர்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வா என்றார். மன்னிப்புக் கேட்டாயிற்று, அந்த வீட்டில்தான் நிற்கிறேன், அது எங்கள் வீடு, ஆய்வாளர் என் அக்கா என்று சொன்னேன். பிறகு நிதானமாகக் கேட்டார்: "கெணத்துல விழுந்த மாடும் ஒங்க வீட்டு மாடுதானா?"

மறுநாள் தங்கம் விலைக்குக் கீழே இரண்டு வரித் திருத்தம் வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் அடுத்த ஒரு வாரமும் பால் வாங்கித் திரும்பும்போது எங்கள் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

திங்கள் சாயங்காலம் அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு ஒழுங்காகத்தான் போனது. ஜோடி சேர்ப்பது பற்றி, ஒற்றைத் துகள் பற்றி, மூன்றாகச் சேர்ப்பது பற்றி அவள் சொல்வது கேட்டது. அப்புறம், இந்தக் கோடு ஏன் பாதியில் நிற்கிறது, சூடு ஏறுவதே கடைசி நாளில்தானே என்று ஒருவர் கேட்டார். கரண்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ராஜபாளையத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அக்கா, தம்பி நிறுத்திவிட்டான் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். பக்கத்துவீட்டுக்காரர் பயந்ததால் என்றாள். ஸ்பீக்கரில் சிரிப்பு வந்தது. நல்ல மனிதர்கள்தான், அன்பாகத்தான் சிரித்தார்கள். மிச்சக் கோடு எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். வியாழக்கிழமை என்றாள். சரி, எழுதுகிறோம் என்றார்கள்.

அதன்பின் வருஷங்கள் ஓடிவிட்டன. மதுரையில் இப்போது நான் மற்றவர்களின் செய்திகளைக் கீழேயிருந்து வெட்டுகிறேன். வெட்டுமுன் முழுக்கப் படிக்கிறேன். அக்கா வேறோர் ஊரில் இதே மோதல் கணக்கைத்தான் போடுகிறாள், அவளுக்குக் கீழே நாலைந்து மாணவர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் ராஜபாளையத்தில் கூடுவோம். மாடி அறையில் இப்போது உரலும் பழைய பாயும் கிடக்கின்றன. அந்தச் சிவப்பு ஃபேன் கொஞ்சகாலம் அம்மாவின் வடகத்துக்குக் காற்று வீசிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. முதல் நாள் இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று அம்மா காலையில் குறைப்பட்டுக்கொள்வாள்.

குக்கர் விசில் நிற்காமல் அடித்தால், கல்யாண வீட்டில் ஒருவர் மைக்கை விடாமல் பேசினால், அக்காவின் மகன் அடம்பிடித்து அழுதால், அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "தம்பியக் கூப்பிடுங்க, நிறுத்திக் காட்டுவான்" என்பார். என் கல்யாண மேடையிலேயே சொன்னார். என் மனைவி வீட்டாருக்கு அதை ராஜா மாமா முன்வந்து விளக்கினார். மாமா இந்தக் கதையைப் போகிற விசேஷ வீட்டிலெல்லாம் சொல்கிறார். அவர் வாயில் பத்து கோடி முதலில் இருபது கோடியானது. போன வருஷம் ஒரு வளைகாப்பில் ஐம்பது கோடி என்று என் காதாலேயே கேட்டேன். சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அக்கா கணக்கை முதலிலிருந்து ஓடவிட்டாள். அந்த நான்கு நாளும் அப்பா மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் படியில் கால் வைக்க விடவில்லை. இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாகப் புதன்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை காலை கணக்கு முடிந்தது. கோடு தொடக்கத்திலிருந்து கடைசி வரை நேராக இருந்தது.